மெடிக்கல் எக்ஸாமினரிடமிருந்து போன் வந்தால்: இங்கிலாந்தில் உறவை இழந்த தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனில் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் சமைத்துக் கொடுக்கவும் ஐயரைப் பிடிக்கவும் அயலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். பேப்பர் வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். மரணப் பதிவாளர், ஜிபி (குடும்ப டொக்டர்), வைத்தியசாலை என்று கூடப் போய் வருவதை நான் பல வருடமாகச் செய்துவருகிறேன். 2024 இறுதியிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒரு போன் அழைப்பைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே போட்டுக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

மெடிக்கல் எக்ஸாமினர் ஒபிஸ் எண்டு போன் வந்தது. ஆர் உவையள்?

ஒருவர் இறந்ததும், அவருக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் இன்ன காரணத்தால் இறந்தார் என்று ஒரு சான்றிதழ் எழுதுவார். அந்த வைத்தியத்தில் எந்தப் பங்கும் இல்லாத இன்னொரு மூத்த டொக்டர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது பதிவாளரிடம் போகும். அந்த இரண்டாவது டொக்டர்தான் மெடிக்கல் எக்ஸாமினர். 2024 செப்டெம்பர் 9 முதல், கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) கையில் எடுக்காத ஒவ்வொரு மரணத்துக்கும் இது சட்டப்படி கட்டாயம்.

இவர்கள் குறைந்தது ஐந்து வருடமாவது பதிவுபெற்ற வைத்தியர்களாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது முழுநேர வேலை அல்ல. கிழமையில் ஒன்றிரண்டு அரைநாள் இதைச் செய்துவிட்டு, மற்ற நாட்களில் தங்கள் வார்டிலோ ஜிபி கிளினிக்கிலோ நோயாளிகளைப் பார்ப்பார்கள். உங்களுக்குப் போன் எடுப்பவர் அநேகமாக அந்த டொக்டராக இருக்கமாட்டார். அவரோடு வேலை செய்யும் ஒபிசர் எடுப்பார். அவரிடம் சொல்வது டொக்டரிடம் சொன்னதுபோலத்தான்.

பொலீஸ் விசாரணையோ? எங்களில ஏதும் சந்தேகமோ?

இல்லை. எல்லா வீட்டுக்கும் இந்தப் போன் வருகிறது. 96 வயதில் படுக்கையில் அமைதியாகப் போனவரின் வீட்டுக்கும் வரும். பயப்பட வேண்டாம்.

அப்ப கொரோனரும் இவையும் ஒண்டோ?

இல்லை, இரண்டும் வேறு. ஊரில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒருவர் இருப்பாரே, இங்கே கொரோனர் கிட்டத்தட்ட அவர் இடம். ஆனால் இன்னும் அதிகாரம் கூடியவர், நீதிபதி போல. காரணம் தெரியாத மரணம், விபத்து, தற்கொலை, நஞ்சு, சிறைக்குள் மரணம், சத்திரசிகிச்சையால் நேர்ந்திருக்கலாம் என்ற மரணம், வேலையிடத்தால் வந்த நோய் போன்றவை கொரோனரிடம் போகும். பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடவும் சாட்சிகளை அழைத்து விசாரணை நடத்தவும் அவரால் முடியும்.

மெடிக்கல் எக்ஸாமினருக்கு அந்த அதிகாரங்கள் கிடையாது. அவர் ஒரு வாசலில் நிற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இயற்கை மரணம்தானா, எழுதிய காரணம் சரியா, கொரோனரிடம் போக வேண்டியதா என்று பார்த்து வழிவிடுபவர்.

முந்தி இப்பிடி ஒண்டும் இல்லையே. ஏன் இப்ப கொண்டுவந்தவை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஹரல்ட் ஷிப்மன் என்று ஒரு ஜிபி இருந்தார். வீடு தேடி வந்து பார்க்கும் நல்ல டொக்டர் என்று பெயர் எடுத்தவர். அவர் தன் நோயாளிகளுக்கு, பெரும்பாலும் தனியாக வாழ்ந்த வயதான பெண்களுக்கு, டயமோர்பின் என்ற கடுமையான வலிநிவாரணியை ஊசியால் போட்டுக் கொன்றார். பிறகு மரணச் சான்றிதழையும் தன் கையாலேயே எழுதினார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. நீதிபதி டேம் ஜனட் சிமித் நடத்திய பொது விசாரணை 2002 இல் கொடுத்த முதல் அறிக்கையில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 215.

இதில் என் மனதை மிகவும் உறுத்துவது வேறொன்று. தகனத்துக்கு அப்போது இரண்டாவது டொக்டரின் கையெழுத்தும் கட்டாயம். அந்தக் கையெழுத்தும் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. ஷிப்மன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். குடும்பத்திடம் போய்க் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பக்கத்து ஜிபி கிளினிக் டொக்டர் லிண்டா ரெனோல்ட்ஸ் மட்டும் 1998 மார்ச்சில் கொரோனரிடம் போய், இவருடைய நோயாளிகள் அளவுக்கு மேல் இறக்கிறார்கள் என்றார். பொலீஸ் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடியது. அதற்குப் பிறகும் மூன்று பேர் இறந்தார்கள். கடைசியாக இறந்தவர் 81 வயதான கத்லீன் கிரண்டி. அவருடைய சான்றிதழில் ஷிப்மன் எழுதிய காரணம் முதுமை. தாயின் பெயரில் ஒரு போலி உயில் வந்ததைக் கண்டு சட்டத்தரணியான மகள் பொலீசுக்குப் போனதால்தான் எல்லாம் வெளியில் வந்தது.

டேம் ஜனட்டின் மூன்றாவது அறிக்கை 2003 இல் மரணச் சான்றிதழ் முறையையே மாற்றச் சொன்னது. 2009 இல் சட்டம் வந்தது. அது முழுதாக நடைமுறைக்கு வர இன்னும் 15 வருடம் எடுத்தது. இடையில் ஷெபீல்டிலும் குளோஸ்டரிலும் பரீட்சார்த்தமாக நடத்தினார்கள். 2019 முதல் பெரிய வைத்தியசாலைகளில் சட்டக் கட்டாயம் இல்லாமல் நடந்தது. இந்த இடைவெளியில் மிட் ஸ்டபோர்ட்ஷயர், மோர்கம் பே என்று வைத்தியசாலைகளில் நடந்த பெரிய தவறுகள் பற்றிய அறிக்கைகள் வந்தன. அங்கேயெல்லாம் குடும்பங்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தன, கேட்பார் இல்லை. ஆகவே இந்த முறை ஒரு கொலைகாரனைப் பிடிக்க மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். குடும்பம் சொல்வதை யாராவது கேட்டு எழுத வேண்டும் என்பதற்காகவும் வந்தது.

உடம்பை வெட்டிப் பாப்பினமோ?

இல்லை. மெடிக்கல் எக்ஸாமினர் பிரேத பரிசோதனை செய்வதில்லை. இறந்தவரின் வைத்தியக் குறிப்புகளை வாசிப்பார், சான்றிதழ் எழுதும் டொக்டரோடு பேசுவார், குடும்பத்தோடு பேசுவார். தேவைப்பட்டால் உடலை வெளிப்புறமாகப் பார்க்கலாம். அவ்வளவுதான். வெட்டிப் பார்ப்பது என்றால் அது கொரோனரின் உத்தரவு. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

அப்பா வீட்டிலதான் மோசம் போனவர். அப்பவும் இது இருக்கோ?

இருக்கிறது. வீடு, கெயார் ஹோம், ஹொஸ்பிஸ், வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். ஜிபி சான்றிதழை எழுதி, உங்கள் பகுதிக்குரிய மெடிக்கல் எக்ஸாமினர் ஒபிசுக்கு நோய்க் குறிப்புகளோடு அனுப்புவார்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னர் டொக்டர் கடைசி 28 நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும், அல்லது இறந்த பிறகு வந்து உடலைப் பார்க்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் சாதாரண மரணமும் கொரோனரிடம் போய்விடும். இப்போது உயிரோடு இருந்தபோது அவருக்கு வைத்தியம் பார்த்த எந்த டொக்டரும், மரணக் காரணம் தெரிந்தால், எழுதலாம். அப்படி ஒருவருமே கிடைக்காவிட்டால் விடயம் கொரோனரிடம் போகும். அவர் தான் விசாரிக்கத் தேவையில்லை என்று கண்டால் மெடிக்கல் எக்ஸாமினரிடமே ஒப்படைத்து அவரையே சான்றிதழ் எழுதச் சொல்லலாம்.

இதுக்குக் காசு எவ்வளவு?

காசில்லை. முன்னர் தகனத்துக்காக டொக்டர்கள் நிரப்பும் படிவத்துக்கு 82 பவுண்ட்ஸ் கட்டினோம், அதுவும் ஒருகாலத்தில் இரண்டு படிவம். அவை இரண்டும் இப்போது இல்லை. பியூனரல்காரரின் பில்லில் டொக்டர் பீஸ் என்று இன்னும் போட்டிருந்தால் அது என்ன என்று கேளுங்கள்.

எத்தினை நாள் எடுக்கும்? ஐயர் நாள் வைச்சிட்டார்.

எல்லாம் நேராக இருந்தால் சில வேலை நாட்களில் முடியும். டொக்டர் லீவில் நின்றாலோ, ஜிபி குறிப்புகளை அனுப்பப் பிந்தினாலோ நீளும். சான்றிதழை நீங்கள் கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மெடிக்கல் எக்ஸாமினர் ஒபிஸ் நேரே பதிவாளருக்கு அனுப்பும். மரணத்தைப் பதிவதற்கான ஐந்து நாள், பதிவாளருக்கு அது கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். இறந்த நாளிலிருந்து அல்ல. ‘அஞ்சு நாள் தாண்டிட்டுது, பைன் அடிப்பாங்களோ’ என்று தவித்தவர்கள் பலர். அந்தத் தவிப்பு வேண்டாம்.

என் அனுபவத்தில், அடக்கத்துக்கோ தகனத்துக்கோ அனுமதிக்கும் பச்சைப் படிவத்தைப் பதிவாளர் தரும்வரை மண்டபத்துக்கும் கிறிமட்டோரியத்துக்கும் கடைசிப் பணத்தைக் கட்டாமல் இருப்பது நல்லது. சமயக் காரணத்துக்காகக் கெதியாகச் செய்ய வேண்டும் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். முஸ்லிம், யூதக் குடும்பங்கள் அன்றன்றே அடக்கம் செய்ய வேண்டியிருப்பதால் பல ஒபிஸ்களில் சனி, ஞாயிறிலும் அவசர ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அது இந்துக்களுக்கும் உரியதுதான், நாங்கள் கேட்பதில்லை என்பதுதான் விடயம். இன்னொன்று: இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தகனத்தில் அது வெடிக்கும், முதலே எடுக்க வேண்டும். புதிய சான்றிதழில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

போனில என்ன கேப்பினம்? என்ன சொல்லுறது?

இரண்டு விடயம் முக்கியம். முதலில், டொக்டர் எழுதிய காரணத்தைச் சொல்லி, விளங்குகிறதா என்று கேட்பார்கள். பிறகு, அவருக்குக் கிடைத்த பராமரிப்பைப் பற்றி ஏதும் கவலை இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் நாங்கள் தவறவிடுகிறோம். “நோ நோ, எவ்ரிதிங் பைன், தாங்க்யூ” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். பெரியவர்களைக் குறை சொல்லக்கூடாது, டொக்டர்மார் பாடுபட்டவர்கள், செத்தவர் வரப்போவதில்லை என்ற எண்ணம். அந்த மரியாதை எனக்கும் விளங்கும். ஆனால் பிறகு எட்டுச் செலவு வீட்டில் குந்தியிருந்து, ‘அண்டைக்கு அவருக்குத் தண்ணிகூடக் குடுக்கேல்லை’ என்று அதே ஆட்கள் அழுவதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் மூன்று கிழமை வார்டில் இருந்து இறந்தார். மகன் காருக்குள் இருந்தபடி போனுக்குப் பதில் சொல்லி, எல்லாம் நல்லம் என்று முடித்துவிட்டார். அன்று பின்னேரம் நான் போனபோது அம்மா கோயில் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். பஞ்சாங்கக் கட்டங்களுக்குள்ளே பென்சிலால் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தார்: ‘கஞ்சி 3 கரண்டி’, ‘சாப்பிடேல்லை’, ‘மருந்து மாத்தினது’. ஒரு புதன்கிழமைக் கட்டத்தில் ‘விழுந்தது, தலை’ என்றிருந்தது. மகனுக்கு அது தெரியாது. அடுத்த நாள் காலையில் திரும்பப் போன் எடுத்து அதை வாசித்துச் சொன்னோம். ஒபிசர் திகதி, நேரம் எல்லாம் கேட்டு எழுதினார். வார்டில் விழுந்தது மரணத்துக்குக் காரணமாகியிருக்கலாம் என்பதால் மெடிக்கல் எக்ஸாமினர் அதைக் கொரோனருக்கு அறிவித்தார். முதல் போனில் சொல்லாவிட்டாலும் திரும்ப எடுக்கலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிவுக்கு முதல் எடுங்கள்.

நல்லது நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இரவு முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த தாதியைப் பற்றி ஒரு மகள் சொன்னதை அந்த வார்டுக்கு எழுதி அனுப்பினார்கள்.

எனக்கு இங்கிலிஷ் பெரிசா வராது. மகள் கதைக்கட்டுமோ?

கதைக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்து நடந்ததைப் பார்த்தவர் நீங்கள் என்றால் நீங்களே கதைப்பதுதான் நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவர்களே போனில் ஒருவரை இணைப்பார்கள். உங்களுக்குச் செலவில்லை. பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது அம்மா நோகக்கூடாது என்று பாதியை விட்டுவிடுவார்கள், டொக்டருக்குக் கோபம் வரக்கூடாது என்று மீதியை மெதுவாக்கிவிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, தாத்தா எப்படிச் செத்தார் என்று சொல்லவைப்பதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

ஹாட் அற்றாக் எண்டுதானே சொன்னவை, பேப்பரில வேற என்னவோ கிடக்கு?

சான்றிதழில் காரணத்தை ஒரு சங்கிலியாக எழுதுவார்கள். முதல் வரி, 1ஏ, நேரடியாக உயிரைப் பறித்தது. அடுத்த வரி, 1பி, அதைக் கொண்டுவந்தது. இப்படி 1டி வரை போகலாம். கடைசி வரியில் இருப்பதுதான் தொடக்கம், புள்ளிவிபரத்துக்கு எடுப்பதும் அநேகமாக அதைத்தான். இரண்டாம் பகுதியில், நேரடிக் காரணம் இல்லாவிட்டாலும் மரணத்துக்கு உதவிய நோய்கள் வரும். எங்கள் ஆட்களின் சான்றிதழில் சலரோகம் பல தடவை அங்கேதான் இருக்கும்.

‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும், ஏன் நின்றது என்பதுதான் காரணம். முதுமை என்பதை மட்டும் தனிக் காரணமாக எழுதுவதும் பொதுவாக 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், அதுவும் வேறு நோய் ஒன்றும் தெரியாதபோது. கத்லீன் கிரண்டியின் கதையை மேலே சொன்னேன், ஏன் இந்தக் கவனம் என்று விளங்கும்.

இதைச் சரியாக எழுதுவது பிள்ளைகளுக்கும் தேவை. இளவயதில் இதயத் தசை தடித்து இறந்தவரின் சான்றிதழில் வெறும் மாரடைப்பு என்று இருந்தால், அவருடைய தம்பியையும் மகளையும் யாரும் ஸ்கான் எடுக்கச் சொல்லமாட்டார்கள்.

ஊருக்குக் கொண்டுபோக வேணும் எண்டு அம்மா சொன்னவ. மெடிக்கல் எக்ஸாமினர் விடுவாரோ?

அவர் தடுக்கமாட்டார், ஆனால் அனுமதி கொடுப்பதும் அவர் இல்லை. மரணம் இயற்கையானதாக இருந்தாலும் உடலை இங்கிலாந்து அல்லது வேல்ஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கொரோனருக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும். அதைப் பியூனரல்காரர் செய்வார், தூதரகப் பேப்பர்களும் அவரே. சாம்பலைக் கொண்டுபோவதற்குக் கொரோனர் தேவையில்லை. கிறிமட்டோரியம் தரும் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

அதே ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கிற டொக்டர் எப்பிடி நியாயமா நடப்பார்?

நியாயமான சந்தேகம். இங்கிலாந்தில் பெரும்பாலான மெடிக்கல் எக்ஸாமினர்கள் வைத்தியசாலைகளை நடத்தும் டிரஸ்ட் என்ற அமைப்புகளின் கீழேதான் வேலை செய்கிறார்கள். தான் வைத்தியம் பார்த்தவரின் மரணத்தையோ, உறவினரின் மரணத்தையோ, தன் கூட்டாளியோ கணவன் மனைவியோ எழுதிய சான்றிதழையோ பார்க்கச் சட்டம் விடாது. இந்த வேலைக்காக அவர் பதில் சொல்வது தன் வார்டுத் தலைவருக்கு அல்ல. பிராந்திய மெடிக்கல் எக்ஸாமினர், அவருக்கு மேல் நாட்டுக்கு ஒரு தேசிய மெடிக்கல் எக்ஸாமினர் என்று தனி வழி இருக்கிறது. வேல்ஸில் வைத்தியசாலைகளுக்கு வெளியே ஒரே சேவையாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேல்ஸின் முறை இன்னும் நல்லது. ஒரே கன்ரீனில் சாப்பிடுபவர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது கஷ்டம். அதனால்தான் குடும்பம் வாய் திறப்பது இன்னும் முக்கியமாகிறது. குறிப்பில் எழுதாததை டொக்டர் கண்டுபிடிக்க முடியாது.

அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அதைப் போட வேண்டாம் எண்டு கேக்கலாமோ?

கேட்கலாம், ஆனால் மரணத்துக்குக் காரணமானதை மறைக்க அவர்களால் முடியாது. குடியால் ஈரல் கெட்டு இறந்தால் அதுதான் எழுதப்படும். இது பகிரங்க ஆவணம், காசு கட்டினால் யாரும் பிரதி எடுக்கலாம் என்பதும் உண்மை. அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும், ஒரு அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது சத்தமே வரவில்லை அவருக்கு. எழுதிய சொல் உங்களுக்குக் கடுமையாகத் தெரிந்தால், ஏன் இந்தச் சொல், வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று ஒபிசரிடம் கேளுங்கள். பொறுமையாக விளங்கப்படுத்துவார்கள்.

தற்கொலை என்றால் இந்தப் பேச்சே வராது. அது நேரே கொரோனரிடம் போகும்.

குறை சொன்னா வெட்டிப் பாப்பாங்கள், நாளும் போயிடும். பேசாமல் விடுறதோ?

இதுதான் என்னிடம் மிகவும் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி. முதலில், எல்லாக் குறையும் கொரோனரிடம் போவதில்லை. தாதி கடுமையாகப் பேசினார், படுக்கை மாற்றப் பிந்தியது போன்றவற்றைக் குறித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், சான்றிதழ் அன்றே போகலாம். மரணத்துக்கே காரணமாகியிருக்கலாம் என்ற விடயம் மட்டும்தான் கொரோனரிடம் போகும்.

அப்படிப் போனாலும் எல்லாவற்றுக்கும் பிரேத பரிசோதனை இல்லை. குறிப்புகளைப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று கொரோனர் திருப்பி அனுப்புவதும் நிறைய நடக்கும். அவர் வேண்டும் என்று தீர்மானித்தால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சமயக் காரணத்தைச் சொல்லி, வெட்டாமல் ஸ்கான் மூலம் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். சில பகுதிகளில் அந்த வசதி இருக்கிறது, காசு கட்ட வேண்டி வரலாம். விசாரணை மாதக்கணக்கில் போனாலும் உடலை அதுவரை வைத்திருக்கமாட்டார்கள். இடைக்காலச் சான்றிதழோடு கிரியையைச் செய்யலாம். சொல்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. தாமதத்துக்குப் பயந்து மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

அவை எழுதின காரணத்தை நாங்கள் ஏற்கேல்லை. என்ன செய்யிறது?

பதிவுக்கு முன்னர் என்றால் மெடிக்கல் எக்ஸாமினரோடு நேரே பேச வேண்டும் என்று கேளுங்கள், ஒபிசரோடு நிறுத்த வேண்டாம். உங்கள் காரணத்தைத் திகதியோடு சொல்லுங்கள். சான்றிதழ் எழுதிய டொக்டருக்கும் அவருக்கும் இடையே கருத்து ஒத்துவராவிட்டால் விடயம் கொரோனரிடம் போகும். நீங்களே கொரோனர் ஒபிசுக்கு எழுதவும் உரிமை இருக்கிறது.

குறை சொன்னனான். ஒரு பதிலும் இல்லை.

மெடிக்கல் எக்ஸாமினர் முறைப்பாட்டை விசாரிப்பவர் அல்ல. அவர் வைத்தியசாலைக்குக் கைமாற்றி, இந்த மரணத்தைத் திரும்பப் பாருங்கள் என்று சொல்வார். அங்கே வேறு டொக்டர்கள் குறிப்புகளை வரிவரியாக மதிப்பிடும் ஒரு முறை இருக்கிறது. அப்படி நடந்ததா, முடிவு என்ன என்று நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும். அதோடு, முறைப்படி நீங்களும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லும், வைத்தியசாலையின் பால்ஸ் (PALS) பகுதி உதவும். பொதுவாக 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பதில் திருப்தி இல்லாவிட்டால் இங்கிலாந்தில் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் சுகாதார ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். வழக்கு என்றால் பொதுவாக மூன்று வருடம், அதற்குச் சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஸ்கொட்லாந்தில மாமி இருக்கிறா. அங்கையும் இப்பிடியோ?

அங்கே வேறு முறை. 2015 மே முதல், எழுதப்படும் சான்றிதழ்களில் ஒரு பகுதியை மட்டும் எழுந்தமானமாக எடுத்துச் சுயாதீன வைத்தியர்கள் பார்க்கிறார்கள். எல்லா மரணத்துக்கும் போன் வராது. ஆனால் சந்தேகம் இருந்தால் குடும்பமே பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அங்கே கொரோனரும் இல்லை, அந்த வேலையை புரொக்கியுறேற்றர் பிஸ்கல் என்பவர் செய்வார்.

எங்கட அம்மா பத்து வருசத்துக்கு முந்தி போனவ. இப்ப பாக்கச் சொல்லலாமோ?

மெடிக்கல் எக்ஸாமினரால் முடியாது. 2024 செப்டெம்பருக்கு முன் பதிந்து முடிந்ததை அவர் திரும்பத் திறக்கமாட்டார். இயற்கை மரணம் இல்லை என்று காட்ட உண்மையான புது ஆதாரம் இருந்தால் கொரோனருக்கு எழுதலாம். அதுவும் கடினமான வழி.

உங்களால் செய்யக்கூடியது நோய்க் குறிப்புகளைக் கேட்டு எடுப்பது. 1990 இன் சட்டம் ஒன்றின்படி, இறந்தவரின் சொத்துக்குப் பொறுப்பானவரோ, மரணத்தால் உரிமைக் கோரிக்கை உள்ளவரோ அவற்றைக் கேட்கலாம். வைத்தியசாலைக் குறிப்புகளைப் பொதுவாக எட்டு வருடம் வைத்திருப்பார்கள், ஜிபியின் குறிப்புகளை இறந்து பத்து வருடம். என் அப்பா 2011 இல் ஒரு வார்டில் இறந்தார். இறப்பதற்கு நாலு நாள் முதல் கட்டிலில் இருந்து விழுந்தவர், நெற்றியில் நீலம் பாரித்திருந்தது. சான்றிதழில் நியூமோனியா என்று மட்டும் இருந்தது. எங்களிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் துணிந்து குறிப்புகளைக் கேட்டு எழுதியது 2020 இல். அழித்துவிட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உங்களுக்கு அந்த எட்டு வருடம் இன்னும் முடியாவிட்டால் இந்தக் கிழமையே எழுதுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், நான் வந்து எழுதித் தருகிறேன்.